ஒரு கம்பியை பாடியில கொடு

போன மாசம் என் காருக்கு ஒரு வினோதமான வியாதி. இடது பக்க முன் கதவை முழுசா திறந்தா நாலு ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் ஊமை. கதவைச் சாத்தினா மூணு நாலு செகண்ட் கழித்து ஒண்ணுமே நடக்காத மாதிரி பாட்டு திரும்ப ஆரம்பிக்கும். "நான் இறங்கறது உங்க காருக்குப் பிடிக்கலை போல" என்று தங்கமணி சந்தோஷமாக இறங்கிப் போய்விட்டார்.

ஒரு கடையில் காட்டினேன். கடைப் பையன் கதவைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "செட்டு போச்சுண்ணா. ஸ்பீக்கரும் பழசாயிடுச்சு. மொத்தமா மாத்திரலாம்" என்று பதினெட்டாயிரத்துக்கு கணக்கு எழுதிக் கொடுத்தான். அந்தச் சீட்டை பர்ஸில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏன்னா, கதவைத் திறந்தா நாலு ஸ்பீக்கரும் போகுதுன்னா அது ஸ்பீக்கர் வியாதி இல்லை. ஒரு ஸ்பீக்கர் செத்தால் அது மட்டும்தான் சாகும், பக்கத்து வீட்டுக்காரனை கூட்டிக்கொண்டு போகாது. இது வேற. எங்கேயோ ஒரு கம்பி பாடியைத் தொடுகிறது.

இந்த "கம்பி பாடியைத் தொடறது" என்பதில் எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

2003. முதல் கார். செகண்ட் ஹேண்ட்தான், ஆனாலும் முதல் கார் முதல் கார்தான். பேர் ஊர் இல்லாத ஒரு கேசட் செட்டும் நாலு ஸ்பீக்கரும் வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை நானே மாட்டுவதாகத் திட்டம். அப்பா வந்து உட்கார்ந்தார். அவர் இருபது வருஷத்துக்கு மேல் ஒரு மில் முதலாளி வீட்டில் அம்பாசடர் ஓட்டியவர். வண்டியில் எது கெட்டாலும் ஒர்க்‌ஷாப்புக்குப் போகுமுன் அவர் கை பட்டுவிடும். அந்த வண்டி ரேடியோவையும் அவர்தான் பார்த்துக்கொண்டார்.

"எதுக்கு கண்ணு இத்தனை ஒயரு? ஒரு கம்பியை பாடியில கொடு. பாடிதான் எர்த்து. ஸ்பீக்கருக்கு ஒத்தைக் கம்பி போதும்" என்றார். நான் டீ குடிக்க உள்ளே போய் வருவதற்குள், கறுப்புக் கோடு போட்ட நாலு ஒயரையும் ஒன்றாக முறுக்கி டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு ஸ்க்ரூவில் இறுக்கிவிட்டார். முறுக்கு அவ்வளவு அழகாக இருந்தது, அதையும் சொல்லணும். செட்டை ஆன் செய்தேன். 'டொப்'. ஒரு பொசுங்கல் வாசனை. அவ்வளவுதான், ஒரு பாட்டுகூடப் பாடாமல் செட் போய்ச் சேர்ந்தது.

"தெரியாத விஷயத்துல எதுக்குப்பா கை வைக்கறீங்க?"

நான்தான் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்க்ரூ டிரைவரை துணியில் துடைத்து பெட்டியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் என் எந்த வண்டியின் டேஷ்போர்டிலும் அவர் கை வைத்ததில்லை.

இப்போ இந்தக் கதவு வியாதிக்காக கார் ரேடியோ வரலாற்றைத் தோண்டப் போய், அப்பா சொன்னது எவ்வளவு காலம் எவ்வளவு சரியாக இருந்தது என்று தெரிந்துகொண்டேன். அதுதான் இந்தப் பதிவு.

கதை அமெரிக்காவில் ஆரம்பிக்கிறது. 1930, சிகாகோ. பால் கால்வின் என்பவரின் கால்வின் மேனுஃபாக்சரிங் கார்ப்பரேஷன், வீட்டு ரேடியோவுக்கு பேட்டரி இல்லாமல் கரண்ட் கொடுக்கும் பெட்டி செய்து நொந்துபோயிருந்த கம்பெனி. அந்த வருஷம் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாடு. கால்வினுக்கு அங்கே ஸ்டால் கிடையாது. தன்னுடைய ஸ்டூடிபேக்கர் காரில் ரேடியோவை மாட்டி, மண்டபத்துக்கு வெளியே நிறுத்தி, போகிறவர் வருகிறவர் காதில் விழும்படி சத்தமாகப் பாடவிட்டார். ஆர்டர் வந்தது. அந்த ரேடியோவுக்கு வைத்த பேர்தான் மோட்டரோலா. பின்னாளில் கம்பெனியின் பேரே அதுவாகிவிட்டது. இன்றைக்கு நாம் அதை செல்போன் பேராகத்தான் நினைக்கிறோம். கார் ரேடியோவை முதலில் செய்தவர் அவர் இல்லை, அதற்கு முன்னும் சிலர் செய்தார்கள். கடையில் வாங்கி மாட்டுகிற சாமானாக அதை ஜனங்களிடம் கொண்டுபோனதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. விலை 110 முதல் 130 டாலர். அன்றைக்கு ஐநூறு அறுநூறு டாலருக்கு காரே கிடைத்தது.

அந்த ரேடியோவை மாட்டுவது ஒரு தனி மராமத்து வேலை. ரேடியோ ஒரு பெட்டி, ஸ்பீக்கர் தனிப் பெட்டி. வால்வுகளுக்கு நூறு வோல்ட்டுக்கு மேல் வேணும், கார் பேட்டரியோ வெறும் 6 வோல்ட். ஆகவே 45 வோல்ட் உலர் பேட்டரிக் கட்டிகளை வாங்கி, காரின் தரைப்பலகையை அறுத்து அடியில் ஒரு பெட்டி செய்து வைப்பார்கள். ஏரியல் எங்கே? அந்தக் காலத்து கார் கூரையின் நடுப்பகுதி மரச்சட்டமும் துணியும்தான். உள்துணியைப் பிரித்து கோழிக்கூண்டு வலை மாதிரி ஒரு கம்பி வலையை உள்ளே விரித்துவிடுவார்கள். 1935 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் முழு இரும்புக் கூரையைக் கொண்டுவந்தது. கூரைக்குள் வலை வைத்தால் ஒன்றும் வராது என்றாகிவிட்டது. உடனே ஏரியலை ஃபுட்போர்டுக்கு அடியில் கட்டினார்கள். ஒரு முன்னேற்றம் வந்தால் இன்னொரு இடத்தில் ரிப்பேர் முளைக்கும் என்பது அப்போதிருந்தே இருக்கிறது.

இவ்வளவும் செய்து ஆன் செய்தால், ஸ்பீக்கரிலிருந்து வருவது முதலில் பாட்டு இல்லை, 'பட பட பட'. ஸ்பார்க் பிளக் ஒவ்வொன்றும் ஒரு குட்டி ரேடியோ ஸ்டேஷன்தானே. அதை அடக்க ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு ரெசிஸ்டர், டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒன்று, டைனமோவுக்கு ஒரு கண்டென்சர். அப்புறமும் சத்தம் வந்தால் டயர். ஆமாம், டயர்தான். காய்ந்த ரோட்டில் உருளும்போது அதில் நிலைமின்சாரம் சேரும், அது சக்கரத்தின் கிரீஸைத் தாண்டிக் குதிக்கும்போது ரேடியோவில் கரகரக்கும். அதற்காக முன்சக்கர மூடிக்குள் ஒரு சின்ன ஸ்ப்ரிங் வைத்தார்கள். கார் ஸ்பீக்கரில் கோளாறு என்று வந்தவனிடம் மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினால் எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள் :-)

1932-33 வாக்கில் வைப்ரேட்டர் வந்தது. நல்ல தந்திரம். காலிங் பெல் மாதிரி ஒரு இரும்பு நாக்கு நொடிக்கு நூறு தடவைக்கு மேல் துடித்து, 6 வோல்ட் டிசியை வெட்டி வெட்டி விடும். வெட்டின கரண்ட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் போய் இருநூறு சொச்சம் வோல்ட்டாக வெளியே வரும். தரைக்கு அடியில் இருந்த பேட்டரிக் கட்டிகள் ஒழிந்தன. பதிலுக்கு ரேடியோ எப்போதும் ஒரு 'ர்ர்ர்' முனகலோடு ஓடும். நாக்கு சமயத்தில் ஒட்டிக்கொண்டால் ரேடியோ ஊமை. டிரைவர் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் திரும்பப் பாடும். தட்டினால் ரேடியோ பாடும் என்கிற நம்பிக்கைக்கு இது ஒரு நியாயமான காரணம். 1932-லேயே ஜெர்மனியில் ப்ளவ்பங்க்ட் கம்பெனி ஆட்டோசூப்பர் ஏஎஸ் 5 என்று ஒன்றைக் கொண்டுவந்தது, ஐரோப்பாவின் முதல் கார் ரேடியோ. பெட்டி அவ்வளவு பெரிசு என்பதால் டிரைவரின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, ஸ்டியரிங் தண்டில் ஒரு கன்ட்ரோல் வைத்தார்கள். ஸ்டியரிங்கில் வால்யூம் பட்டன் என்று இன்றைக்கு விளம்பரம் செய்கிறவர்கள் கவனிக்க.

இனி ஸ்பீக்கர். இன்று நாம் பார்க்கும் ஸ்பீக்கரின் வடிவம், 1925-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் எழுதிய கட்டுரையில் நிலைபெற்றது. ஒரு காகிதக் கூம்பு, அதன் நுனியில் ஒட்டிய செம்புக் கம்பிச் சுருள், அது காந்தத்தின் இடுக்கில் முன்னும் பின்னும் ஆடும். நூறு வருஷமாகியும் இதன் அடிப்படை மாறவே இல்லை. மாறினது காந்தம்தான். அன்றைக்கு வலுவான நிரந்தரக் காந்தம் மலிவாகக் கிடையாது. ஆகவே இன்னொரு பெரிய காயிலைச் சுற்றி, பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்து மின்காந்தமாக்கினார்கள். ஸ்பீக்கர் பாடாவிட்டால் முதல் பரிசோதனை: ஒரு ஸ்க்ரூ டிரைவரை காந்தத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவது. இழுத்தால் காந்தம் உயிரோடு இருக்கிறது, இழுக்கவில்லை என்றால் காந்தத்துக்கே கரண்ட் வரவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு ரேடியோ கேட்டால் வால்வும் இந்தக் காந்தமும் சேர்ந்து பேட்டரியைக் குடித்துவிடும். பின்னாளில் அல்நிகோ, அப்புறம் ஃபெரைட், இப்போ நியோடிமியம் என்று நிரந்தரக் காந்தங்கள் வந்து அந்தக் காயிலுக்கு வேலை இல்லாமல் போனது.

இப்போ அப்பாவின் விஷயத்துக்கு வருவோம்.

வால்வு ரேடியோவில் ஸ்பீக்கருக்குப் போகிற கரண்ட் ஒரு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருகிறது. அதன் ஒரு முனையை ரேடியோவின் தகரப் பெட்டியோடு இணைத்துவிடலாம். தகரப் பெட்டி காரின் பாடியோடு போல்ட் போட்டு இறுகியிருக்கிறது. ஆக, பாடியே ஒரு கம்பி. காரில் ஹெட்லைட், ஹாரன், வைப்பர் எல்லாம் அப்படித்தான் ஓடுகின்றன, ஸ்பீக்கர் மட்டும் என்ன விதிவிலக்கா? டிரான்ஸிஸ்டர் வந்தபோதும் இது மாறவில்லை. 1955-ல் கிரைஸ்லரும் ஃபில்கோவும் சேர்ந்து முழு டிரான்ஸிஸ்டர் கார் ரேடியோவை அறிவித்தார்கள், வைப்ரேட்டரின் முனகல் நின்றது, அமெரிக்க கார்களும் அந்த சமயத்தில் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஆனாலும் ஸ்பீக்கரின் ஒரு முனை எர்த்திலேயே இருந்தது. முன்னால் பின்னால் என்று இரண்டு ஸ்பீக்கர் வைத்து, சத்தத்தைப் பங்கு போட ஃபேடர் என்கிற திருகு வந்தபோதும், அது சூடான கம்பியில்தான் உட்கார்ந்தது, இன்னொரு கம்பி எல்லாருக்கும் பொது.

அதாவது 1930களிலிருந்து கிட்டத்தட்ட ஐம்பது வருஷத்துக்கு, "ஒரு கம்பியை பாடியில கொடு" என்பது அனேக கார் ரேடியோக்களுக்குப் பொருந்திய விதி. அப்பா அம்பாசடரில் கற்றுக்கொண்டது அதைத்தான். இன்னொரு விஷயமும் அவருக்குத் தெரிந்திருந்தது. பிரிட்டிஷ் வழி வந்த பழைய கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இருக்கும். அதனால் அந்தக் கால ரேடியோக்கள் பலவற்றில் நெகட்டிவ் எர்த்தா பாசிட்டிவ் எர்த்தா என்று மாற்றுவதற்கு ஒரு பிளக் இருக்கும். அதை மாற்றிப் போட்டால் ரேடியோ காலி. "முதல்ல பேட்டரி எந்தப் பக்கம் எர்த்துன்னு பாரு" என்று அவர் அன்றைக்கும் சொன்னார். நான்தான் காதில் வாங்கவில்லை.

அப்படியென்றால் விதி ஏன் மாறியது? பேராசைதான். சத்தம் வேணும் என்கிற பேராசை.

ஒரு சின்ன கணக்கு. எஞ்சின் ஓடும்போது கார் பேட்டரியில் 14.4 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பீக்கரின் ஒரு முனை எர்த்தில் இருந்தால், இன்னொரு முனை நடுவிலிருந்து மேலே 7.2, கீழே 7.2, அவ்வளவுதான் ஆட முடியும். 4 ஓம் ஸ்பீக்கரில் இது என்ன குட்டிக்கரணம் போட்டாலும் ஆறரை வாட். நிஜத்தில் ஐந்து வாட் கிடைத்தால் புண்ணியம். 1965-ல் ஃபோர்டு 8-டிராக் டேப்பைக் காரில் வைத்தது, 1968 வாக்கில் கேசட் வந்தது, ஸ்டீரியோ வந்தது. அதிர அதிரக் கேட்கணும் என்று இளவட்டங்கள் ஆசைப்பட ஆரம்பித்துவிட்டார்கள். ஐந்து வாட் எந்த மூலைக்கு? கார் பேட்டரியோ 12 வோல்ட்டிலேயே நிற்கிறது.

அதற்குக் கண்டுபிடித்த வழிதான் பிரிட்ஜ். ஒரு ஸ்பீக்கருக்கு இரண்டு ஆம்ப்ளிஃபயர். ஒன்று கம்பியை மேலே தள்ளும்போது இன்னொன்று எதிர்க் கம்பியைக் கீழே இழுக்கும். மரம் அறுக்கிற இரட்டைப்பிடி ரம்பம் மாதிரி, இரண்டு பக்கமும் ஆள். ஸ்பீக்கருக்குக் கிடைக்கிற வோல்ட் இரண்டு மடங்கு, அதனால் வாட் நாலு மடங்கு. ஆறரை இருபத்தாறு ஆகிவிட்டது. நிஜத்தில் இருபது பக்கம். இதையெல்லாம் ஒரே ஐசிக்குள் அடக்கி, 20 வாட் பிரிட்ஜ் என்று டிடிஏ 2005 மாதிரி சில்லுகள் வந்தன. அப்புறம் டிடிஏ 7384 வகையறா, நாலு ஸ்பீக்கருக்கும் நாலு பிரிட்ஜ் ஒரே சில்லில். நம்ம ஊர் ரிப்பேர் கடைகளில் இந்த நம்பரைச் சொன்னாலே எடுத்துக் கொடுப்பார்கள்.

செட்டின் முகத்தில் '52 வாட் × 4' என்று போட்டிருக்குமே, அது எங்கிருந்து வந்தது தெரியுமா? 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி நாலால் வகுங்கள். 51.84. அதாவது ஐசி சத்தத்தைச் சதுரமாக வெட்டி, பாட்டே இல்லாமல் வெறும் இரைச்சலாக ஆக்கினால் கிடைக்கிற அதிகபட்சம். அதில் நீங்கள் எஸ்பிபியைக் கேட்க முடியாது. 2003-ல் அமெரிக்காவில் சிஇஏ-2006 என்று ஒரு அளவுமுறை வந்தது. 14.4 வோல்ட்டில், 4 ஓமில், 1 சதவீதத்துக்கு மேல் சிதைவு இல்லாமல் எவ்வளவு வாட் என்று சொல்லணும். அதைச் சொன்ன அட்டைப் பெட்டிகளில் எண் சட்டென்று பாதிக்கும் கீழே இறங்கியது. ட்வீட்டர் கருகுவதற்கு இந்தச் சதுர வெட்டும் ஒரு காரணம், வால்யூமைக் கடைசி வரைக்கும் திருப்புகிறவர்கள் கவனிக்க.

பிரிட்ஜில் ஒரு விலை உண்டு. ஸ்பீக்கரின் இரண்டு கம்பியிலும் உயிர் இருக்கிறது. எதுவும் எர்த் கிடையாது. செட் ஆனில் இருக்கும்போது மீட்டரை வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு ஸ்பீக்கர் கம்பிக்கும் பாடிக்கும் நடுவே பேட்டரியில் பாதி, ஆறேழு வோல்ட் காட்டும். இரண்டு கம்பிக்கும் நடுவே பூஜ்யம். (அந்த இடத்தில் பூஜ்யம் இல்லாமல் சில வோல்ட் நிலையாக நின்றால் ஐசி போய்விட்டது என்று அர்த்தம், ஸ்பீக்கரை உடனே கழற்றுங்கள்.) இந்தக் கம்பியில் எது பாடியைத் தொட்டாலும் ஐசியின் ஒரு பாதி நேராக எர்த்தைத் தள்ளப் பார்க்கும். நல்ல ஐசி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். 2003-ல் நான் வாங்கியது நல்லது இல்லை.

இந்த விதி மாறியதை யாரும் ஊர் ஊராகத் தண்டோரா போட்டுச் சொல்லவில்லை. அமெரிக்காவிலேயே 1980களில் இதே கூத்து நடந்திருக்கிறது. பொது எர்த் வைத்து கம்பெனியே ஒயரிங் செய்த கார்களில் புது பிரிட்ஜ் செட்டைக் கொண்டுபோய் மாட்டினால், செட் ஊமையாகும், அல்லது சாகும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் புதிதாக இரண்டு கம்பி இழுக்க வேண்டியிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் டெல்கோ ரேடியோக்களில் 10 ஓம் ஸ்பீக்கர் வைத்த காலம் ஒன்று இருந்தது. அதில் பழக்கத்தில் 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டினவர்களுக்கும் கை சுட்டது. 1983 மாடலில் அதே ஜெனரல் மோட்டார்ஸுக்காக போஸ் கம்பெனி ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி ஆம்ப்ளிஃபயர் வைத்து ஒரு ஏற்பாடு செய்தது. அது இன்னொரு விதி. அந்த வகை ஏற்பாடு உள்ள பல கார்களில் ஸ்பீக்கர் 4 ஓமே இருக்காது, ஒன்று இரண்டு ஓம்தான், மீட்டரில் பார்த்துவிட்டு "ஷார்ட் ஆயிடுச்சு" என்று தூக்கிப் போடுகிற ஆட்கள் உண்டு. ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் கை தேர்ந்த மெக்கானிக் ஒருவரை அவருடைய அனுபவமே கவிழ்த்துவிட்டிருக்கிறது.

இன்னொன்று, ஸ்பீக்கரின் இடம் மாறிய கதை. முதலில் டேஷ்போர்டுக்குக் கீழே, அப்புறம் டேஷ்போர்டு நடுவில் கண்ணாடியைப் பார்த்து, அப்புறம் பின்சீட்டுக்குப் பின்னால் பலகையில் முட்டை வடிவ 6க்கு 9. கண்ணாடிக்கு அடியில் இருந்தபோது வெயிலில் காகிதக் கூம்பு அப்பளமாகக் காய்ந்து வெடிக்கும். ஓரத்தில் ஃபோம் வளையம் வைக்க ஆரம்பித்தபின் அது பத்துப் பதினைந்து வருஷத்தில், நம்ம கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம், பிசுபிசுத்து உதிரும். கதவுக்குள் போனதும் இரண்டு புது வியாதி. ஒன்று மழைத்தண்ணி, கதவுக்குள் தண்ணி இறங்கத்தான் செய்யும், அது இயற்கை. இரண்டாவது, கீல். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கதவு திறந்து மூடினால், வருஷத்துக்கு மூவாயிரத்து அறுநூற்றைம்பது தடவை அந்த ஒயர் மடங்கி நிமிர்கிறது. செம்பு எத்தனை வருஷம் தாங்கும்?

என் காரின் வியாதி அங்கேதான் இருந்தது. கதவுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கிற ரப்பர் குழாயை ஒரு பக்கம் கழற்றி இழுத்தேன். முன் இடது ஸ்பீக்கருக்கு பெரும்பாலான செட்டுகளில் வெள்ளை ஒயர், அதன் நெகட்டிவ் வெள்ளையில் கறுப்புக் கோடு. அந்தக் கோடு போட்ட ஒயரின் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. கதவை முழுசா விரித்தால் அது தகர விளிம்பில் போய் உட்காரும். அதாவது அப்பா 2003-ல் ஸ்க்ரூவில் செய்ததை என் கார்க் கதவு தினம் பத்துத் தடவை செய்துகொண்டிருந்தது. இந்த செட்டின் ஐசி ஒவ்வொரு தடவையும் வாயை மூடிக்கொண்டு தப்பித்திருக்கிறது.

அப்பாவுக்கு இப்போ 79. திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இரண்டு படம் போட்டுக் காட்டினேன். அம்பாசடர் ரேடியோ ஒன்று, இந்த செட் ஒன்று. ஒன்றில் எர்த், ஒன்றில் இரண்டு பக்கமும் ஆள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்ப அம்பாசடர்ல நான் கொடுத்தது சரிதான?"

"சரிதாம்பா. அதுக்கு அப்படித்தான் கொடுக்கணும்."

"இதுக்கு மாத்திட்டானுங்க."

"ஆமா. அதை எனக்கும் அன்னிக்குத் தெரியாதுப்பா. நீங்க சொன்னா சரியா இருக்கும்னு விட்டுட்டுத்தான் நானும் டீ குடிக்கப் போனேன். செட்டு போனப்புறம் கத்தினேன்."

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. தாளை மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "டேப்பு சுத்தி விட்றாத கண்ணு. மடங்கற எடத்துல ஜாயிண்ட் வரக்கூடாது. நீளமா வேற ஒயரு போட்டு ரெண்டு பக்கமும் உள்ள தள்ளிப் பத்தவை" என்றார். அதுவும் சரிதான். அந்த விதி எந்தக் காலத்திலும் மாறவில்லை. அப்படியே புது ஒயர் போட்டு, இரண்டு ஜாயிண்டையும் மடிப்புக்கு வெளியே தள்ளிப் பத்த வைத்து, மேலே ஸ்லீவ் போட்டேன்.

ஸ்பீக்கரையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று டோர் பேடைக் கழற்றினேன். செட்டிலிருந்து இரண்டு கம்பியையும் பிரித்து மீட்டர் வைத்தால் 3.4 ஓம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு மூன்று சொச்சம் காட்டினால் காயில் நன்றாக இருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால்தான் அறுந்தது. கூம்பை நாலு விரலால் சமமாக அழுத்தினேன், உரசல் இல்லை. அதற்குள் அப்பா எழுந்து உள்ளே போய் சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒன்றரை வோல்ட் செல்லை உருவிக்கொண்டு வந்தார். எங்கே தொடணும் என்று கேட்டார். செட்டுக்குப் போகிற இரண்டு முனையைக் காட்டினேன். டேஷ்போர்டுக்குள் குனிந்து செல்லை வைத்தார்.

டப்.

"கூம்பு வெளிய வருதா உள்ள போவுதா பாரு" என்றார். வெளியே வந்தது. அப்போ பிளஸ், மைனஸ் சரியாக இருக்கிறது. இன்னொரு தடவை வைத்தார். டப். வலது பக்கத்துக்குப் போய் அதையும் பார்த்தார். பின்னால் இரண்டு. நாலும் வெளியேதான் வந்தது.

கடிகாரம் அன்றைக்கு நாற்பது நிமிஷம் லேட்டாக ஓடியதை ராத்திரி தங்கமணிதான் கண்டுபிடித்தார்.